பீமன் கைக் கதாயுதம்: காகிதத்தில் நாடகப் பொருள் செய்யும் முறை

கோயில் திருவிழாவிலோ குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவிலோ புராண நாடகம் போடும் குழுவினர் கிரீடத்தையும் உடையையும் வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். கையில் பிடிக்கும் பொருள்களைத்தான் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பீமனின் கதாயுதத்தைச் செய்யக் கற்றுக்கொண்டவருக்குக் குடம், கலசம் முதலியவை எல்லாம் அதே வேலையின் வேறு வடிவங்களே என்பதால், அதையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

செய்யத் தொடங்கும் முன் நாடகப் பிரதியைப் படித்து, பீமன் அதைத் தோளில் சாய்க்கிறானா, சுழற்றுகிறானா, தரையில் ஊன்றி நிற்கிறானா என்று குறித்துக்கொள்ள வேண்டும். தோளில் மட்டும் கிடக்கும் கதாயுதத்துக்கு மூங்கில் கழி போதும்; சுழற்றப்போவதாக இருந்தால் முக்கால் அங்குல பி.வி.சி. குழாயே பாதுகாப்பானது. தலைப்பகுதிக்கு ஒரு பலூனை, நடிப்பவரின் தலையைவிடச் சற்றுப் பெரிதாக ஊதிக்கொள்ள வேண்டும். அருகில் வைத்துப் பார்க்கும்போது இது மிகையாகத் தோன்றினாலும், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு அதுதான் சரியான அளவு.

ஒரு பங்கு மைதாவை முதலில் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, பிறகு மொத்தம் ஐந்து பங்கு நீராகும்படி சேர்த்து, பளபளப்பு வரும்வரை கிளறிக் காய்ச்சினால் பசை தயார். பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் இதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, சிறுவர்களும் கூட உட்கார்ந்து ஒட்டும் வேலை என்றால் வேண்டாம்.

செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கிழித்துக்கொள்ள வேண்டும். கிழிந்த விளிம்பின் நார்கள் படிந்து ஒட்டுவதால் மடிப்புத் தெரியாது. ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழுப்புக் காகிதம் என மாற்றி மாற்றி ஒட்டினால், எந்த இடம் விடுபட்டது என்பது உடனே கண்ணில் படும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை நன்கு காயவிட்டு, ஆறு அடுக்கு வரை ஏற்றலாம். அவசரப்பட்டு வெயிலில் வைக்கக் கூடாது: உள்ளிருக்கும் காற்று விரிந்து பலூன் வெடிக்கும், ஈரக் காகிதம் உருக்குலையும். நிழலில், கொடிக் கயிற்றில் தொங்கவிடுவதே நல்லது.

காய்ந்ததும் பலூனை உடைத்து எடுத்துவிட்டு, குழாயை அடியில் நுழைத்து உச்சிவரை கொண்டுபோய் இரு முனையிலும் பெவிக்காலில் நனைத்த துணிப்பட்டையால் இறுக்க வேண்டும். அடியில் மட்டும் ஒட்டிய தலை, இரண்டாம் சுழற்றிலேயே ஆடத் தொடங்கிவிடும். மேடு வரிகளுக்குச் சணல் கயிற்றைச் சுற்றி ஒட்டலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று எடை. காகிதக் கதாயுதம் மிகவும் இலேசாக இருப்பதால் நடிகர் அதை விசிறிபோல வீசிவிடுவார், அடுத்த நொடி அரங்கு சிரித்துவிடும். தலைக்குள் எதையும் நிரப்புவது ஆபத்து. பிடியின் அடிக்குழாயில் ஒரு கைப்பிடி மணலை இட்டு அடைத்தால் கைக்குக் கனம் தெரியும், தலை இலேசாகவே இருக்கும். அதை ஊன்றும்போது எழும் வெற்று ஓசையை மறைக்க அடியில் பழைய ரப்பர் செருப்பின் துண்டை ஒட்டி, இடி ஓசையை மிருதங்கக்காரரின் பொறுப்பில் விட்டுவிடலாம். ஒத்திகையிலேயே அவரை உட்கார வைக்க வேண்டும் என்பது இதனால் கூடும் ஒரு வேலை.

உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை டிஸ்டெம்பர் இரண்டு முறை பூசிய பின்பே வண்ணம். முழுவதும் தங்க நிறம் அடித்தால் ஹாலஜன் விளக்கில் மஞ்சள் பந்தாகத்தான் தெரியும். பள்ளங்களில் அடர் பழுப்பும் மேடுகளில் மட்டும் தங்கமும் இருந்தால்தான் உருண்டை வடிவம் எடுபடும். தெருக்கூத்துக் கலைஞர்கள் இதில் நமக்கு முன்னோடிகள்: இலேசான கல்யாண முருங்கை மரத்தில் அணிகளைச் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளைப் பதிக்கிறார்கள், ஆடும்போதெல்லாம் வெளிச்சம் சிதறுகிறது. கிரீடத்தை நாமே செய்வதானால், என் பார்வையில், தங்கப் பூச்சைவிட அந்த முறையே மேல்.

தெர்மாக்கோலில் செய்பவர்கள் ஸ்பிரே பெயின்டையோ தின்னர் கலந்த வண்ணத்தையோ நேரடியாக அடிக்கக் கூடாது, அது கரைந்து குழிந்துவிடும். மேலே காகிதம் ஒட்டிக்கொண்டு பூசலாம். வாளுக்கு 6 மி.மீ. பிளைவுட் போதும். விளிம்பையும் முனையையும் மழுக்கிவிட்டு, ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் சிராய் கிளம்பியிருக்கிறதா என்று விரலால் அல்ல, துணியால் தடவிப் பார்க்க வேண்டும்.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் ஒரு மேசையில் பழுப்புத்தாளை விரித்து, ஒவ்வொரு பொருளின் வடிவத்தையும் வரைந்து, அதன்மேல் அந்தந்தப் பொருளை வைத்துவிட்டால் காணாமல் போனது எது என்று கேட்கத் தேவையிராது. மேசைக்கடியில் கிழித்த காகிதம், பெவிக்கால், சிறு தூரிகை, மிச்சமான தங்க வண்ணம் ஆகியவை ஒரு டப்பாவில் இருக்கட்டும். இடைவேளையில் ஊர்ச் சிறுவர்கள் கதாயுதத்தைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.