வெளிநாட்டுப் படிப்புக்குமுன் கேட் கோப்பை ஸ்டெப் வடிவிலும் சேமியுங்கள்

ஒரு பருவம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயிலச் செல்லும் பொறியியல் மாணவர்கள், தங்கள் செய்முறைத் திட்டத்தின் கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) கோப்புகளை மென்பொருளின் சொந்த வடிவத்தில் மட்டும் வைத்திராமல், ஸ்டெப் (STEP) வடிவிலும், அளவுகள் குறித்த பிடிஎஃப் வரைபடமாகவும் சேமித்து எடுத்துச் செல்வது நல்லது. புதிய பதிப்பில் உருவாக்கிய கோப்பைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. ஸ்டெப் என்பதோ ஐஎஸ்ஓ 10303 தரநிலையில் அமைந்த பொது வடிவம் என்பதால், அங்குள்ள ஆய்வகத்தில் எந்த கேட் மென்பொருள் இருந்தாலும் அநேகமாகத் திறந்துவிடும், அளவின் அலகும் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். முப்பரிமாண அச்சுக்கு வழக்கமாகக் கொடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகே கிடையாது. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமாக எடுத்துக்கொண்டால் பாகம் 25.4 மடங்கு பெரிதாகிவிடும். பொருளின் பக்கத் தோற்றங்கள் தாளில் எந்த முறையில் அடுக்கப்பட்டுள்ளன என்று காட்டும் வீழல் (projection) குறியீட்டையும் வரைபடத்தில் மறவாமல் இடுங்கள்: ஐரோப்பாவில் முதல் கோண வீழலும் அமெரிக்காவில் மூன்றாம் கோண வீழலும் வழக்கம் என்பதால், குறியீடு இல்லையேல் வலப்பக்கத் துளை இடப்பக்கம் போய்விடலாம்.

ஸ்டெப் கோப்பில் வடிவம் இருக்குமே தவிர, அதை உருவாக்கிய படிநிலை வரலாறு இருக்காது. ஆகவே அங்கே போய் வடிவமைப்பைத் தொடர்ந்து மாற்ற வேண்டியவர்களுக்கு இது மட்டும் போதாது, மூலக் கோப்பும் அதைத் திறக்கும் பதிப்பும் தேவை. மின்சுற்றுப் பலகை தயாரிப்புக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது; அதற்குக் கெர்பர் கோப்புகளே உதவும்.