சிறு விமானத்தில் நீண்ட பயணம்: தண்ணீர், சிறுநீர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் நான்கு இருக்கைகள் உண்டு, கழிவறை கிடையாது. அதன் 172எஸ் ரகத்தில் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் சுமார் 200 லிட்டர். மணிக்கு 33 லிட்டர் வாக்கில் செலவாகும். அவசரத்துக்கென்று ஒதுக்கிவைக்கும் ரிசர்வைக் கழித்தாலும் ஐந்து மணி நேரம் பறக்கலாம். ஓட்டுகிறவரின் சிறுநீர்ப்பை அவ்வளவு நேரம் தாங்குமா? அரை லிட்டர் சேர்ந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தாங்காது. பாதி நிறைந்ததுமே முட்டத் தொடங்கிவிடும்.

இதற்குப் பயந்து பலர் செய்வது, முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவது. இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான். மேலே காற்று வறண்டது. பெரிய கண்ணாடிகள் வழியே வெயில் நேராக மடியில் விழும். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. தாகம் எடுக்கும்போது உடம்பு ஏற்கெனவே வறண்டிருக்கும். அப்புறம் தலைவலி, அசதி, ரேடியோவில் சொன்னதை இரண்டாம் முறை கேட்க வேண்டிய நிலை. ஆக்சிஜன் குறைவுக்கும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான் என்பதால், எது எதனால் என்று பிரித்தறிவதும் கடினம்.

இப்படித் தண்ணீர் குடிக்காமல் கிடந்தும் சிறுநீர் வராமல் இருக்காது. மேலே உள்ள குளிரில் தோலுக்கு அருகே உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு வந்து சேரும். உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணிச் சிறுநீரகம் அதை வெளியேற்றும். உயரமும் தன் பங்குக்குக் கூட்டும்.

கிளம்பும் நேரத்தில் ஒரு லிட்டரை மடமடவென்று குடிப்பதும் வேண்டாம். முதல் நாளே போதுமான அளவு குடித்துவிட்டு, பயணத்தில் அவ்வப்போது இரண்டு மடக்கு குடித்தால் போதும். வழக்கமான ஒரு காபி கெடுதல் செய்யாது. சோடா வகைகள்தான் வம்பு: 8,000 அடியில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான், வயிற்றில் உள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு பெருகும். வேண்டும்போல் இல்லாவிட்டாலும் ஏறுமுன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

பெட்ரோலை வைத்து மட்டும் வழியில் இறங்கும் இடங்களைத் தீர்மானிப்பது அடுத்த தவறு. இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குவதாகவே திட்டம் போடுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த சிறு விமான நிலையமானால் கழிவறை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

'இன்னும் அரை மணிதானே' என்று அடக்கிக்கொண்டே வருவது வெறும் அவஸ்தை இல்லை. சீக்கிரம் இறங்கினால் போதும் என்ற தவிப்பில் செக்லிஸ்ட் விட்டுப்போகும். ஓடுபாதையை அணுகும் வேகம் கூடிப்போனாலும், சுற்றி வந்து மறுபடி இறங்க மனசு வராது. விபத்து ஏதும் நேர்ந்தால், நிறைந்த சிறுநீர்ப்பைமீது பெல்ட் அழுத்தி அது கிழிந்துவிடவும் கூடும்.

ஆகவே அவசரத்துக்கு ஏதாவது கைவசம் இருக்கட்டும். சிறுநீரை ஜெல்லாக உறையவைக்கும் பைகள் இருபாலருக்கும் கிடைக்கின்றன. பெண்களுக்குத் தனிப் புனல்களும் உண்டு. இவற்றை முதன்முதலாக வானத்தில் பிரித்துப் பார்க்காதீர்கள். வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்தபடி பழகிக்கொள்ளுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். தனியாகப் பறந்தால் காற்று அமைதியாக உள்ள இடத்தில், ட்ரிம்மை (கையை எடுத்தாலும் விமானம் மட்டமாகப் பறக்க உதவும் அமைப்பு) சரிசெய்து, ஆட்டோபைலட் இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். குடிதண்ணீர் பாட்டிலைப் போலவே இருக்கும் பாட்டிலை இதற்கு வைத்துக்கொள்ளவே கூடாது, காரணம் சொல்லத் தேவையில்லை. சிந்தினால் உடனே துடையுங்கள். சிறுநீரின் உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

1958 டிசம்பரில் லாஸ் வேகஸில் கிளம்பிய ராபர்ட் டிம்மும் ஜான் குக்கும் ஒரு செஸ்னா 172-இல், பறந்தபடியே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, 64 நாட்களுக்கும் மேலாகத் தரையிறங்காமல் பறந்தார்கள். அவர்களும் மடக்குக் கழிப்பறை ஒன்றை ஏற்றிக்கொண்டுதான் போனார்கள்.

கடைசியாக, உடன் வருபவர்கள். விமானத்தில் கழிவறை இல்லை என்பதே பலருக்கு ஏறிய பிறகுதான் தெரியும். தெரிந்தாலும் கூச்சத்தில் வாய் திறக்க மாட்டார்கள். ஏறுமுன் பைலட்டே இந்தப் பேச்சை எடுத்து, பை எங்கே இருக்கிறது என்று காட்டி, 'முட்டும்வரை காத்திருக்காமல் முன்னாடியே சொல்லுங்க, இருபது நிமிஷத்துல எங்காவது இறங்கிடலாம்' என்று சொல்லிவிட வேண்டும். அந்த இருபது நிமிஷம் குழந்தைகளிடம் செல்லாது. அவர்களுக்கு இரண்டு பையாக எடுத்துவையுங்கள்.