கடலோர நீரும் ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவை, அளக்கக் கற்றுத் தருகிறேன். இவற்றைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலை பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து துளித்துளியாகச் சேர்த்து, நிலைகாட்டிச் சாயம் நீலமாக மாறும்வரை எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதே தரம்பார்த்தல். பியூரெட்டில் குமிழி நிற்பது, அளவைச் சாய்வாகப் பார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு நாளில் அவை தாமே திருந்திவிடும். திருந்தாமல் ஆண்டுதோறும் திரும்பி வருபவைதான் என்னை வருத்துகின்றன.

பழைய தாங்கல் கரைசல்

சென்ற வாரம் வாலிநோக்கத்து மாணவி ஒருத்தி வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவந்தாள். "ஐயா, ஊதாவிலேயே நிற்கிறது, தெளிவான நீலம் வரவில்லை" என்றாள். அம்மோனியா கலந்த தாங்கல் கரைசல் புட்டியின் மூடி திறந்தே கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், அம்மோனியா நெடியே இல்லை.

ஈ.டி.டி.ஏ. ஓர் உலோக அயனியைப் பற்றும்போது ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது. அவற்றை ஏற்றுக்கொண்டு பிஎச் (அமில-கார அளவு) 10-ஐக் காப்பது தாங்கல் கரைசலின் வேலை. பிஎச் இறங்கினால் முதலில் கைநழுவுவது மக்னீசியம். கால்சியத்தைவிட அதன் பிணைப்பு வலிமை குறைவு. கடல்நீரில் எடைக்கணக்கில் கால்சியத்தைப் போல மூன்று மடங்கு மக்னீசியம் உண்டு. உப்பு ஏறிய நம் கிணறுகளில் அந்த மக்னீசியமும் கலந்திருக்கும். ஆகவே வேறெங்கும்விட இங்கே இந்தத் தவறு பெரிது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பெரியம்மா வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்தேன். மங்கிய நிறமாற்றத்தை நீலம் என்று நானே முடிவு கட்டினேன். 25 மில்லிலிட்டர் நீருக்கு 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. 13 மில்லிலிட்டர், அதாவது கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 520 மில்லிகிராம் கடினத்தன்மை. மாற்று நீர் இல்லாத இடத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் தரும் உச்சவரம்பு 600. வரம்புக்குள் இருக்கிறது என்றேன். என் சொல்லை நம்பி மோட்டாரும் தொட்டியும் வைத்தார்கள். புதிய கரைசலில் மறுபடி பார்த்தபோது 17 மில்லிலிட்டர், அதாவது 680. பெரியம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

புட்டியில் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் ஆனால் கொட்டிவிடுங்கள். தரம்பார்க்கும் முன் ஒரு துளியை பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். பத்து விநாடி வேலை இது, அதற்குக்கூட மனம் வராதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கரைத்துவைத்த நிலைகாட்டி

நிறம் மாறி முடிவைக் காட்டும் நிலைகாட்டியான எரியோகுரோம் பிளாக் டி கரைசலாக நெடுநாள் நிற்காது. சாதாரண உப்புடன் அரைத்துத் தூளாக வையுங்கள்.

பெயரிடுதல்

உலோக அயனியோடு மற்ற மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தது அணைவு; அப்படிப் பிணைபவை ஈனிகள். அம்மோனியா ஈனியானால் பெயரில் அம்மீன், அமீன் அல்ல.

தாமிரம் எதிர்மின்சுமை கொண்ட அணைவில் இருந்தால் மட்டுமே குப்ரேட். நான்கு அம்மோனியா பிணைந்த டெட்ராஅம்மீன் அணைவு நேர்மின்சுமை கொண்டது, அங்கே காப்பர்தான். நாம் தரம்பார்க்கும் கால்சியம் அணைவுக்கு எதிர்மின்சுமை இரண்டு, எனவே பெயர் கால்சேட் என்று முடியும். மின்சுமையைக் கணக்கிடாமல் பெயரைத் தொடங்குவதால்தான் இத்தனை குழப்பமும்.

தாமதம்

தாங்கல் கரைசல் சேர்த்த ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். விட்டால் கால்சியம் கார்பனேட்டாக வீழ்படிந்துவிடும்.