ஸ்கான் ரிப்போர்ட்டில சொக்லேட் சிஸ்ட் எண்டு கிடந்தா என்ன செய்யிறது?

கட்டி எண்டு கேட்ட உடன கான்சர் எண்டு அழத் தேவையில்லை, அடுத்த கிழமையே வெட்டி எடுக்க ஓடவும் தேவையில்லை. கர்ப்பப்பையின்ர உள்சுவர் மாதிரியான ஒரு படை வெளியில, சூலகத்தில போய் வளருது, பீரியட்ஸ் நேரம் அதுவும் சேர்ந்து கசியுது, போக வழியில்லாத ரத்தம் உள்ளுக்கயே தேங்கி மண்ணிறமாத் தடிச்சு நிக்குது, அவ்வளவுதான். இப்பிடி அந்தப் படை வெளியில வளருற வருத்தத்துக்குத்தான் எண்டோமெற்றியோசிஸ் எண்டு பேர், 10 பொம்பிளையளில ஒராளுக்கு இருக்கக்கூடியது.

முதல்ல நோவை எழுதி வையுங்கோ. எந்தத் திகதி, எவ்வளவு நேரம், மலம் போகேக்க நோகுதா, கலியாணம் கட்டினாக்கள் எண்டா சேரேக்க நோகுதா, எல்லாத்தையும். வெக்கமாத்தான் இருக்கும், ஆனா டொக்டருக்கு உதுதான் வேணும். "கலியாணம் கட்டினா எல்லாம் சரிவரும்" எண்டு சொல்லுற மாமிமாருக்குத் தலையாட்டிப்போட்டு கிளினிக்குக்குப் போங்கோ.

பெண்ணுறுப்புக்குள்ளால செய்யிற ஸ்கானில இது வடிவாத் தெரியும். கலியாணம் கட்டாத பிள்ளையளுக்கு வயித்துக்கு மேலால செய்வினம், தெளிவில்லையெண்டா எம்ஆர்ஐ. சாதாரண நீர்க்கட்டி ரெண்டு மூண்டு மாசத்தில தானா வத்தும், இது அப்பிடி லேசில வத்தாது, அதாலதான் சிலவேளை கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஸ்கான் பண்ணச் சொல்லுறவை. கான்சர் சந்தேகத்துக்குப் பாக்கிற சிஏ 125 ரத்தப் பரிசோதனை கூடக் காட்டினாலும் நடுங்காதேங்கோ, எண்டோமெற்றியோசிஸாலயும் அது கூடும்.

மருந்தெண்டா நோக் குளிசையோட ஹோர்மோன் குளிசை, டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் நாளுக்கு ஒண்டு மாதிரி. நோவைக் குறைக்கும், கட்டியையும் சுருக்கலாம், ஆனா முற்றா இல்லாமலாக்கும் எண்டு நம்பாதேங்கோ. தொடக்கத்தில துளித்துளியா ரத்தம் படும், அதைப் பாத்திட்டுத்தான் கனபேர் தாங்களாவே நிப்பாட்டுகினம், முதல்ல டொக்டரோட கதையுங்கோ. பிள்ளைக்கு முயற்சி பண்ணுறாக்களுக்கு இந்தக் குளிசை சரிவராது, ஏனெண்டா முட்டை வாறதையே அது தடுக்கிறது.

ஒப்பரேஷன் எண்டா நிண்டு யோசியுங்கோ. நோ அடங்காட்டி, கட்டி பெரிசா வளந்தா, இல்லாட்டி ஸ்கானில சந்தேகமா ஏதும் தெரிஞ்சா செய்யத்தான் வேணும். வழக்கமா லப்பரோஸ்கொபியில, அதாவது வயித்தில சின்னத் துளை போட்டு கமராவால பாத்துச் செய்யிற ஒப்பரேஷனில, கட்டியின்ர தோலையும் சேத்து உரிச்செடுப்பினம், சும்மா உறிஞ்சி விட்டா திரும்ப வாற வாய்ப்புக் கூட. ஆனா உரிக்கேக்க பக்கத்தில கிடக்கிற நல்ல முட்டையளும் கொஞ்சம் போகும், ரெண்டு பக்கமும் கட்டி எண்டா இன்னும் கூட. அதால பிள்ளை வேணுமெண்டிருக்கிறாக்கள் வெட்ட முதலே, முட்டை எவ்வளவு மிச்சமிருக்கெண்டு காட்டுற ஏஎம்எச் ரத்த ரெஸ்ட் செய்யட்டோ எண்டு கேளுங்கோ. ஐவிஎஃப் (முட்டையை எடுத்து வெளியில கருக்கட்ட வைக்கிற சிகிச்சை) செய்ய முதல் கட்டியை எப்பவும் எடுக்கத்தான் வேணும் எண்டுமில்லை. என்ர எண்ணத்தில டொக்டரிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி "எத்தினை சென்ரிமீற்றர்" இல்லை, "இதால என்ர முட்டைக்கு என்ன நடக்கும்" எண்டதுதான்.

வெட்டின பிறகும் திரும்ப வரலாம், அதால உடன பிள்ளை வேண்டாமெண்டா ஹோர்மோனைத் தொடரச் சொல்லுவினம். பெரியாஸ்பத்திரியோ பிரைவேற்றோ, பழைய ஸ்கான் எல்லாத்தையும் கொண்டு போங்கோ, கட்டி வளருதோ எண்டது அதில தான் தெரியும்.

திடீரெண்டு தாங்கேலாத வயித்துக்குத்து, சத்தி, காய்ச்சல், தலைசுத்து எண்டா கட்டி வெடிச்சிருக்கலாம், சூலகம் முறுகியிருக்கலாம். கிளினிக் நாளுக்குப் பாத்துக்கொண்டிருக்காமல் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.