ஒயரை நல்லாச் சொருகினாங்களா? அறிவியல் செய்தி படிப்பதில் சில தவறுகள்

2025 பிப்ரவரியில் ஒரு காலை பெங்களூர் அல்சூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "விண்கல் விழற வாய்ப்பு 1 பர்சன்ட் இருந்துச்சு, இப்ப 3 ஆயிடுச்சு. ஏறிக்கிட்டே போகுது. நீ போய் ஒயிட்ஃபீல்டுல ஃபிளாட் புக் பண்ணியிருக்கியேடா!" கல் விழக்கூடும் என்று சொல்லப்பட்ட நாள் 2032 டிசம்பர் 22. அதற்குள் சாவி கைக்கு வந்துவிடும் என்று பில்டர் சொல்லியிருந்தார். எனக்குச் சந்தேகம் கல்லின் மேல் இல்லை.

வாய்ப்பு ஏறினால் ஆபத்து நெருங்குகிறது என்று நினைப்பது சித்தப்பா மட்டும் செய்கிற தவறல்ல. 2024 ஒய்ஆர்4 என்கிற அந்தச் சிறுகோளை, சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடித்தது. குறுக்களவு சுமார் 60 மீட்டர். சில வாரம் பார்த்ததை வைத்து எட்டு வருஷம் கழித்து அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டால், விடை ஒரு புள்ளியாக வராது, நீண்ட பட்டையாக வரும். அந்தப் பட்டைக்குள் பூமி ஒரு சின்னப் பொட்டு. பார்க்கப் பார்க்கப் பட்டை சுருங்கும். பூமி இன்னும் அதற்குள்ளேயே இருந்தால் அதன் பங்கு கூடும். கல் என்னவோ முதலிலிருந்தே ஒரே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டில் வண்டிச் சாவியைத் தேடுவதும் இப்படித்தான். ஹாலில் இல்லை, சமையலறையில் இல்லை என்று ஆக ஆக, பூஜை அலமாரியில்தான் இருக்கும் என்ற எண்ணம் வலுக்கும். அதையும் திறந்து பார்த்தால், சாவி நேற்றுப் போட்ட சட்டைப்பையில் இருந்திருக்கும். பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதத்தைத் தொட்ட வாய்ப்பு, ஒரு வாரத்துக்குள் 0.01க்கும் கீழே போய்விட்டது. அந்தச் செய்தியைச் சித்தப்பா யாருக்கும் அனுப்பவில்லை.

அப்புறம் ஏப்ரலில், "கே2-18பி கோளில் உயிர், 99.7 சதவீதம் உறுதி" என்று குடும்பக் குழுவில் வந்து விழுந்தது. 124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கோள் அது. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவில் டைமெத்தில் சல்பைடு போன்ற வாயுவின் தடம் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடலின் மிதவைப் பாசிகளால் உண்டாவது. இதில் 99.7 எங்கிருந்து வந்தது? அந்த வாயு இல்லாமலேயே இப்படி ஒரு தடம் தற்செயலாகத் தோன்ற வாய்ப்பு 0.3 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள். விஞ்ஞானிகள் 'மூன்று சிக்மா' என்று சொல்வது இதைத்தான். உயிரைப் பற்றி அந்த எண்ணில் ஒன்றுமே இல்லை.

பக்கத்து ஃபிளாட்டிலிருந்து சாம்பார் வாசனை வருகிறது என்று வையுங்கள். முதலில் அது சாம்பார்தானா? ஆமாம் என்றே இருக்கட்டும். உடனே அங்கே தமிழ்க் குடும்பம் வந்திருக்கிறது என்று பொங்கல் தட்டோடு கதவைத் தட்டலாமா? பெங்களூரில் வெல்லம் போட்ட சாம்பாரும் உண்டு. (அது சாம்பாரா என்பது வேறு சண்டை.) இதே வாயுவின் தடம் 67பி என்ற வால்மீனிலும் கிடைத்திருக்கிறது, அங்கே பாசியும் இல்லை, கடலும் இல்லை. போதாக்குறைக்கு, தரவை மறுபடி அலசிய வேறு குழுக்கள் அந்தத் தடமே வலுவாக இல்லை என்றன.

அதே மாதம், டயர் ஓநாய் (dire wolf) என்ற அழிந்துபோன ஓநாய் இனம் "திரும்பி வந்தது". வந்தது, மரபணுக்களில் 20 இடங்களில் மாற்றம் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய். தலைப்போடு நிறுத்திக்கொண்டால் இப்படித்தான்.

எல்லாவற்றையும் விளக்கியதும் சித்தப்பா சலித்துக்கொண்டார். "இவங்க மாத்தி மாத்திப் பேசுவாங்கடா." இதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. அதனால் 2011 கதையைச் சொன்னேன். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலிக்கு அனுப்பிய நியூட்ரினோ என்கிற நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோவினாடி முந்தி வந்ததாகக் கருவி காட்டியது. ஐன்ஸ்டைன் தோற்றார் என்று தலைப்புகள் பறந்தன. அளந்தவர்களோ, எங்கே பிழை என்று நீங்களும் பாருங்கள் என்று ஊரையே கேட்டார்கள். சில மாதத்தில் அவர்களே கண்டுபிடித்தார்கள்: ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். போன வாரம் ஏதோ புதிய பேட்டரி பற்றிய செய்தியை அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "ஒயரை நல்லாச் சொருகினாங்களான்னு கேட்டுச் சொல்லு."