எம்டிபிக்கு (மவுண்டன் பைக்) ஹேண்டில்பார் கிரிப் வாங்கும்போது தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

எங்க வீக்எண்ட் ரைடுக்கு புதுசா வர்ற பசங்க கிட்ட ஒரு விஷயம் மட்டும் மாறவே மாட்டேங்குது. சைக்கிள் வாங்கி ரெண்டு மூணு மாசத்துல கை மரத்துப் போகுதும்பாங்க, அடுத்த வாரமே புது கிரிப் மாட்டிட்டு வருவாங்க, அது சரியில்லன்னு அதுக்கப்புறம் இன்னொண்ணு. நாங்கல்லாம் ஆரம்பத்துல எங்க காசு விட்டோமோ அதே இடத்துல தான் இவங்களும் விடுறாங்க, கேட்டா யாரும் சொல்லலண்ணாங்கிறாங்க. அதான் சொல்லிடலாம்னு. டூப்ளிகேட் வாங்காதீங்க, கிழிஞ்ச கிரிப்போட ஓட்டாதீங்க மாதிரி விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

கட்டை விரலால அமுக்கிப் பாத்து வாங்குறது

இதப் பத்தி தான் நெறைய பேசணும், இன்னைக்கும் கடையில யாராச்சும் இப்படி பண்றதப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது. ரேக்ல தொங்குற கிரிப்ப ஒவ்வொண்ணா கட்டை விரலால அமுக்குவாங்க, எது மெத்துன்னு உள்ள போகுதோ அது தான் கம்ஃபர்ட்டுன்னு முடிவு பண்ணிடுவாங்க, கடைக்காரரும் ஜெல் கிரிப் சார், கை வலிக்கவே வலிக்காதும்பார், முடிஞ்சது. அந்த கிரிப் எத்தன மிமீ தடிமன், உங்க கை எவ்ளோ பெருசு, ரெண்டையும் யாரும் கேக்கறதில்ல.

எங்க குரூப்ல ஒரு தம்பி இருக்கான், கை சின்னது, க்ளவுஸ் ஸ்மால் சைஸ் தான் போடுவான். இருக்கறதுலயே தடியான ஜெல் கிரிப்பா பாத்து மாட்டிட்டு கொல்லிமலைக்கு வந்தான். ஏறுறப்ப ஒரு பிரச்சனையும் இல்ல, ஏறும்போது பிரேக் பிடிக்கற வேலையே இல்லையே. இறங்கும்போது தான், அந்த ரோட்ல 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் பிரேக் பிடிச்சாகணும், பாதி தூரம் கூட வரல, ஓரமா நிறுத்திட்டு கைய உதறிட்டு நிக்கிறான். முன்னங்கை இறுகிப் போச்சு, சுண்டு விரல் மோதிர விரல் ரெண்டுலயும் உணர்ச்சி இல்ல, விரல நீட்டி லீவர எட்டிப் பிடிக்கறதுக்கே கிரிப்ப பாதி விட வேண்டியிருக்குண்ணாங்கறான். இறக்கத்துல பிரேக்குக்காக கிரிப்ப விடறதுன்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு குழி வந்தா ஆள் கீழ தான்.

இதுல தப்பு ரெண்டு இருக்கு. ஒண்ணு தடிமன். கைக்கு மீறின தடிமன் இருந்தா விரல் முழுசா சுத்தி வராது, பிடி நிக்கறதுக்கு நீங்க அறியாமலே இறுக்கிப் பிடிப்பீங்க, விரல மடக்குற தசையெல்லாம் முன்னங்கையில தான் இருக்கு, அது ஓய்வே இல்லாம வேலை செஞ்சா அரை மணி நேரத்துல இறுகிடும். ரெண்டாவது அந்த மெத்துத்தன்மையே தான். பிசைஞ்ச மாவ கட்டை விரலால அழுத்துனா மாவு ரெண்டு பக்கமும் ஒதுங்கி அடியில பாத்திரம் தட்டுப்படும்ல, ரொம்ப சாஃப்டான ஜெல்லும் உள்ளங்கை எடை ஏறுனா அப்படித்தான் ஒதுங்கிடுது, கடைசில ஹேண்டில்பார் தான் கைய அழுத்துது. போதாததுக்கு கைக்கு அடியில அது நெளிஞ்சுட்டே இருக்கும், அந்த நெளிவுக்கும் சேத்து இன்னும் இறுக்கிப் பிடிப்பீங்க. கடையில கட்டை விரலால ரெண்டு செகண்ட் அமுக்குறதுல இது எதுவுமே தெரியாது.

அப்ப எப்படி பாக்குறது? கிரிப்ப பார்ல மாட்டின மாதிரி முழுசா பிடிங்க. விரல் நுனி கட்டை விரலோட அடிச் சதைய லேசா தொடற மாதிரி, இல்ல தொட்டும் தொடாத மாதிரி வந்தா உங்க சைஸ். நகம் உள்ளங்கையில குத்துனா மெலிசு, நடுவுல பெரிய இடைவெளி இருந்தா தடி. என் கணக்குல ஸ்மால் க்ளவுஸ் போடறவங்களுக்கு 29, 30 மிமீ, மீடியத்துக்கு 31 கிட்ட, லார்ஜுக்கு 32க்கு மேல. பெரிய கை இருக்கறவங்க மெலிசான கிரிப் வாங்குனாலும் இதே கதை தான், அவங்களுக்கும் கை பிடிச்சுக்கும். டிஎம்ஆர் டெத்கிரிப் தின், திக்னு ரெண்டு தடிமன்ல வருது, எர்கான் ஜிபி1 எஸ், எல்னு ரெண்டு சைஸ்ல வருது, கம்பெனிக்காரங்க சும்மா பிரிச்சு விக்கல.

இன்னொரு கணக்கு யாரும் பாக்கறதில்ல. எம்டிபி ஹேண்டில்பார் கிரிப் மாட்டுற இடத்துல 22.2 மிமீ விட்டம். 30 மிமீ கிரிப்னா சுத்தி 4 மிமீ கூட இல்ல. லாக்-ஆன் கிரிப்னா, அதாவது ஸ்க்ரூ போட்டு பார்ல இறுக்குற வகைன்னா, அந்த 4 மிமீக்குள்ளயே ஒரு கெட்டி பிளாஸ்டிக் ஸ்லீவ் உக்காந்திருக்கும், மிச்சம் தான் ரப்பர். ஸ்லீவ் இல்லாத சிலிகான் ஃபோம் கிரிப்ல அதே தடிமன் முழுக்க ஃபோம் தான். அதனால சின்ன கை, ஆனா அதிர்வு தாங்கலன்னு சொல்றவங்க தடியான லாக்-ஆன் பக்கம் போகவே வேணாம், மெலிசான சிலிகான் எடுங்க. ஈஎஸ்ஐ சிலிகான் கிரிப்ல ரேசர்ஸ் எட்ஜ், சங்க்கி, எக்ஸ்ட்ரா சங்க்கின்னு படிப்படியா தடிமன் ஏறும், நம்ம பசங்க நேரா எக்ஸ்ட்ரா சங்க்கிக்கு தான் கை நீட்டுறாங்க.

அந்த தம்பிக்கு என்கிட்ட சும்மா கிடந்த மெலிசான லாக்-ஆன் ஒண்ண குடுத்து, பிரேக் லீவர்ல இருக்கற ரீச் ஸ்க்ரூவ திருப்பி லீவர பார் பக்கம் கொண்டு வந்தோம். அடுத்த தடவ விரல் மரக்கல. அதிர்வு கொஞ்சம் அதிகமா தெரியுதுண்ணான், முன் டயர்ல காத்து கல்லா இருந்துச்சு, அத குறைச்சதும் அதுவும் போச்சு.

கை மரத்தா உடனே கிரிப் மேல பழி போடறது

எந்த விரல்னு முதல்ல பாருங்க. சுண்டு விரலும் மோதிர விரலும்னா அல்னர் நரம்பு, உள்ளங்கை அடியில சுண்டு விரல் பக்கம் அழுத்தம் விழுது. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல்னா மீடியன் நரம்பு, பெரும்பாலும் மணிக்கட்டு மடங்கி இருக்கறதால வர்றது. சீட்டோட மூக்கு கீழ பாத்து சாஞ்சிருந்தா உடம்பு முன்னாடி வழுக்கி மொத்த எடையும் கைக்கு வந்துடும், அப்ப எந்த கிரிப் போட்டாலும் மரக்கும். பிரேக் லீவர் கோணம் தப்பா இருந்தா மணிக்கட்டு மடங்கும். ரெண்டையும் ஒரு ஆலன் கீ வச்சு காசில்லாம சரி பண்ணலாம், அத பண்ணிட்டு ரெண்டு ரைடு போய்ப் பாத்துட்டு அப்புறம் கிரிப் பத்தி யோசிங்க. ரைடு முடிஞ்சு நாள் கணக்கா மரத்தே இருந்தா டாக்டர்கிட்ட போயிடுங்க, தள்ளிப் போடாதீங்க.

இறக்கை வச்ச கிரிப்ப கண்ணு மூடிட்டு வாங்குறது

உள்ளங்கைக்கு பலகை மாதிரி அகலமா வர்ற கிரிப் லாங் ரைடுக்கு அருமையான சாமான், எடைய பரவலா தாங்கும். ஆனா அது எந்த கோணத்துல நிக்குதுங்கறதுல தான் எல்லாமே. இறக்கை ரொம்ப மேல தூக்கியோ கீழ தொங்கியோ இருந்தா மணிக்கட்ட அதுவே மடக்கும். கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, சீட்ல உக்காந்து, மணிக்கட்டு நேரா வர்ற இடத்துல டைட் பண்ணுங்க. கல்லும் வேருமா இருக்கற ட்ரெயில்ல நின்னுட்டே இறங்குறவங்களுக்கு நான் இத சொல்ல மாட்டேன், உடம்ப முன்ன பின்ன நகத்தும்போது கையும் உருளணும், இறக்கை விடாது. அவங்களுக்கு உருண்டை கிரிப் தான்.

தேங்காண்ணெய், சோப்புத் தண்ணி போட்டு ஏத்துறது

ஸ்லீவ் இல்லாத கிரிப் உள்ள போகலன்னு எண்ணெய் தடவுறாங்க, வழுக்கிட்டு போகுது, அப்புறம் ரைடுல ஆக்சிலேட்டர் மாதிரி சுத்துது. எண்ணெய் காயாது, ரப்பரையும் ஊத வச்சு கெடுத்துடும். மெடிக்கல்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கிடைக்கும், உள்ள கொஞ்சம் விட்டு ஒரே தள்ளுல ஏத்திடுங்க, ஆவியாகிப் போனதும் கெட்டியா பிடிச்சுக்கும். ராத்திரி மாட்டிட்டு காலைல ஓட்டுங்க.

லாக்-ஆன் ஸ்க்ரூவ முழு பலத்துல முறுக்குறது

சின்ன ஸ்க்ரூ, தலை வழண்டுடும். எவ்ளோ இறுக்கணும்னு பேக்கெட்ல நியூட்டன் மீட்டர் கணக்குல போட்டிருப்பான், அதுக்கு மேல போகாதீங்க. கார்பன் ஹேண்டில்பார்னா, இறுக்கத்த அளந்து காட்டுற டார்க் கீ (torque key) இல்லாம தொடவே தொடாதீங்க.

கிரிப் ஷிஃப்டர் இருக்கற வண்டிக்கு ஃபுல் சைஸ் கிரிப்

கிரிப் ஷிஃப்டர்னா பார்லயே முறுக்கி கியர் மாத்துறது, அது இருந்தா உள்ள இடம் பத்தாது. அளந்து பாத்துட்டு ஷார்ட் கிரிப் கேளுங்க.

எண்ட் பிளக் இல்லாம ஓட்டுறது

கூடவே கூடாது. விழுந்தா திறந்த குழாய் முனை வயித்துல இறங்கும்.

கலர் மேட்ச்

சைஸ் முடிவான பிறகு.

க்ளவுஸ் இல்லாம கிரிப் செலக்ட் பண்றது

ஜெல் பேட் வச்ச க்ளவுஸ் போடறவங்களுக்கு அந்த பேடே கூடுதல் தடிமன் தான், வெறுங்கையில சரியா வந்த கிரிப் ரோட்ல தடியா தெரியும். கடைக்கு க்ளவுஸ கையோட எடுத்துட்டுப் போங்க, போட்டுட்டு பிடிச்சுப் பாருங்க, ரெண்டு சைஸுக்கு நடுவுல குழப்பம் வந்தா மெலிசானதையே எடுங்க.