முள் முட்டி நிற்கும் இடம்: கதிர்வீச்சுக் கருவிகளை நம்புவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் சந்தையில் ஐந்து கிலோ வரை நிறுக்கும் சுருள்வில் தராசில் பெரிய வஞ்சிரத்தைத் தொங்கவிட்டால் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நிற்கும். மீன் ஐந்து கிலோதான் என்று எந்த மீன்காரம்மாவும் விற்றுவிட மாட்டார். வேறு தராசு கேட்பார். அணுமின் நிலையங்களின் வரலாற்றில் அந்த அம்மாவின் புத்தி பலமுறை தவறிப்போயிருக்கிறது.

1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபிலின் நான்காம் உலை வெடித்தபோது, ஊழியர்கள் கையில் இருந்த பெரும்பாலான கருவிகள் நொடிக்கு 1,000 மைக்ரோராண்ட்ஜன் வரைதான் காட்டும். ராண்ட்ஜன் என்பது கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு, மைக்ரோராண்ட்ஜன் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 3.6 ராண்ட்ஜன். முள் அந்த எல்லையில் முட்டி நின்றது. "மணிக்கு 3.6" என்றே மேலிடத்துக்குத் தகவல் போனது. கவலைக்குரியதுதான், ஆனாலும் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வைக்கும் எண். உடைந்த உலையை ஒட்டிய இடங்களில் உண்மை அளவு மணிக்கு ஆயிரக்கணக்கான ராண்ட்ஜன்.

சோவியத் கால அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2011 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் சிதைந்த ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் வளாகத்தில், 2013 ஆகஸ்டில், ஒரு தொட்டியிலிருந்து சுமார் 300 டன் கதிரியக்க நீர் கசிந்தது. தொட்டியருகே மணிக்கு 100 மில்லிசீவர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று முதலில் பதிவானது. பிறகு வேறு கருவியால் அளந்தபோது ஓரிடத்தில் 1,800 வந்தது. முதலில் கொண்டுபோன கருவியின் உச்சவரம்பே 100தான். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, எலெக்ட்ரானிக்ஸில் உலகுக்குப் பாடம் சொன்ன நாட்டில், அதே தவறு. பதிவேட்டில் "100" என்று எழுதாமல் "100க்கு மேல், கருவியின் எல்லை" என்று எழுதினால் நான்கைந்து சொற்கள்தான் கூடும். படிப்பவர் எடுக்கும் முடிவோ தலைகீழாக மாறும்.

கதிர்த்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கெய்கர் கருவியில் இதைவிட மோசமான ஒரு குணம் உண்டு. அதன் குழாய் ஒரு துகளை எண்ணியதும், ஏறத்தாழ நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம், அடுத்த துகளைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்கிறது. கதிர்வீச்சு மிகக் கடுமையாக இருந்தால் கண் திறக்க அவகாசமே கிடைக்காது. எண்ணிக்கை ஏறுவதற்குப் பதில் சரியும். சில கருவிகளில் பூஜ்யத்துக்கே போய்விடும். நல்ல கருவிகளில் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் சுற்று இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. அதனால்தான் கருவியை உள்ளே போன பிறகு இயக்கக் கூடாது என்பார்கள். வெளியிலேயே இயக்கி, முள் எப்படி ஏறுகிறது என்று பார்த்தபடியே நடக்க வேண்டும். நெருங்க நெருங்க ஏறி வந்த அளவு திடீரென்று விழுந்தால், ஆபத்து தீர்ந்தது என்று பெருமூச்சு விடாமல் வந்த வழியே திரும்ப வேண்டும்.

பூஜ்யமும் அப்படித்தான். பாறையிலும் மண்ணிலும் வானத்திலிருந்தும் இயற்கைக் கதிர்வீச்சு எப்போதும் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். மணவாளக்குறிச்சி மோனசைட் மணல்மேல் நின்றால் கூடுதலாகவே வரும். அந்தச் சிறு அளவையும் உணரவல்ல கருவி நெடுநேரம் ஒரு துடிப்புகூடக் காட்டாமல் இருந்தால், இடம் சுத்தமாக இருக்கிறது என்று பொருளில்லை, கருவி செத்துவிட்டது என்று பொருள். பேட்டரியைப் பார்த்து, சோதனைக்கென்றே வைத்திருக்கும் சிறு கதிர்மூலத்தின் அருகே காட்டி, முள் அசைகிறதா என்று உறுதிசெய்ய ஒரு நிமிடம் போதும். கடைசியாகச் சரிபார்த்த தேதி ஒட்டியிருக்கிறது என்பதற்காக இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அந்தத் தேதிக்கு மறுநாள் கருவி கீழே விழுந்திருந்தால் ஒட்டிய தாளுக்கு அது தெரியாது.

கருவி நன்றாக இருந்தும் ஏமாறலாம். 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர் இயந்திரம் ஒன்றில், ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான ட்ரிட்டியம் கலந்த, உலையில் பயன்படும் கனநீர் சேர்க்கப்பட்டிருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடலில் அது சேர்ந்தது. ட்ரிட்டியம் வெளிவிடும் பீட்டா கதிர் தோலைக்கூடத் தாண்டாது. கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்திய பேட்ஜுக்கு அது தெரிய வழியே இல்லை. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைதான் காட்டிக்கொடுத்தது. பேட்ஜில் ஒன்றும் இல்லை, எனவே உடம்பிலும் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு கனநீர் உலைகளில் செல்லாது.

அலாரத்தை நம்பாதது இன்னொரு பக்கம். 2011 மார்ச் 24 அன்று ஃபுகுஷிமாவின் மூன்றாம் உலைக்குரிய டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் மூன்று தொழிலாளர்கள் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். காலடியில் தண்ணீர். ஒருவர் வாங்கும் கதிர்வீச்சை அளக்க உடலில் மாட்டியிருந்த டோசிமீட்டர்கள் கத்தின. முந்தைய நாள் அளந்தபோது அந்த இடத்தில் கதிர்வீச்சு குறைவு. ஆகவே கருவிதான் கெட்டிருக்கும் என்று எண்ணி வேலையைத் தொடர்ந்தார்கள். 170 மில்லிசீவர்ட்டுக்கு மேல் உடலில் ஏறியது. இருவரின் காலணிக்குள் அந்தத் தண்ணீர் புகுந்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிக்கடி பொய்யாகக் கத்தும் அலாரங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சலிப்பு தெரியும். ஆனாலும் முறை ஒன்றுதான்: முதலில் வெளியே வா, பிறகு கருவியைச் சந்தேகி.

எல்லாக் கருவிகளையும் ஒரே மின்சாரத்தில், ஒரே உயரத்தில், ஒரே தகவல் இணைப்பில் வைப்பது நிர்வாகம் செய்யும் தவறு. 2011 பேரிடரில், ஃபுகுஷிமா மாகாணம் அமைத்திருந்த 24 கதிர்வீச்சுக் கண்காணிப்பு நிலையங்களில் 23 பயன்படாமல் போயின. சிலவற்றை ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. மற்றவை நிலநடுக்கத்தில் தகவல் தொடர்பு அறுந்து ஊமையாகின. உலை வளாகத்திலோ சுமார் 5,000 டோசிமீட்டர்கள் இருந்தன. வெள்ளம் வடிந்தபின் தேறியவை 320. பல குழுக்களில் தலைவர் மட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டு போனார். உடன் போனவர்களின் பெயருக்கு நேராகவும் அவருடைய எண்ணே எழுதப்பட்டது.